ஏட்டுக் கல்வியும் கைவந்த கல்வியும்

ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழா நிகழும் நாளில், நம் கல்லூரி முற்றத்துப் பெருமரங்களின் நிழலிற் கருப்பு அங்கி தரித்த மாணவரும் மாணவியரும் தத்தம் பெற்றோருடன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளுங் காட்சி, காண்பார் கண்ணுக்கும் கருத்துக்கும் இனிமை பயப்பதொன்றாம். சலவை மடிப்புக் கலையாத வேட்டியுடன் நிற்குந் தந்தையரும், பெட்டியினின்று அன்றைக்கென எடுத்துடுத்த பட்டுச்சேலையுடன் நிற்குந் தாய்மாரும் முகமலர்ந்து நிற்பதைக் காணுங்கால் எம் உள்ளமும் மலர்வதுண்டு. ஆயினும், பல்லாண்டுகளாக நிர்வாகவியல் துறையில் ஆசிரியத் தொழில் பூண்டுள்ள எமக்கு, அம்மகிழ்ச்சியுடன் ஓர் அச்சமும் உடனெழுகின்றது. அவ்வச்சம் யாதென்பதையும், அஃது எம்மிடத்து எவ்வாறு குடிபுகுந்ததென்பதையும், இம்மலரின் வாயிலாக நம் மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் மறையாது உரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதற்கண் எமது மாணவப் பருவத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். யாம் பயின்ற காலத்தில் நிர்வாகவியற் பாடத்தின் முதல் அதிகாரத்திலேயே ஹென்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த பதினான்கு கோட்பாடுகள் இடம்பெற்றிருந்தன. அவற்றை மறவாதிருக்கும்பொருட்டு ஒவ்வொன்றின் முதலெழுத்தையுங் கூட்டி, பொருளற்ற ஒரு சொற்றொடரை யாக்கி, விடுதியின் மொட்டைமாடியில் முன்னும் பின்னும் நடந்து உருப்போட்டோம். பரீட்சையில் அவ்வினா வந்தது. பதினான்கினையும் வரிசை பிறழாது எழுதினோம். முதல் வகுப்பிலுந் தேறினோம். ஃபயோல் என்பார் எத்தொழிலில் இருந்தவர், அக்கோட்பாடுகளை வகுக்குமாறு அவருக்கு நேர்ந்த இடர் யாது என்னும் வினாக்கள் எம் மனத்தில் ஒருநாளும் எழுந்தில. பின்னர் ஆசிரியராய் அமர்ந்தபோது, யாம் படித்த குறிப்பேட்டையே சிறிது திருத்தி வகுப்பில் ஓதத் தொடங்கினோம். அச்சொற்றொடரையும் மாணவர்க்குக் கற்பித்தோம். அவர்கள் நகைத்தனர், மனப்பாடஞ் செய்தனர், தேறினர். இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தன.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணித் திங்களில் ஒருநாட் பிற்பகல், அவ்வாண்டு சித்திரையிற் படிப்பை முடித்துச் சென்ற மாணவன் ஒருவன் எம் அறைவாயிலில் வந்து நின்றான். அவன் வகுப்பில் முதல் ஐவருள் ஒருவனாய் இருந்தவன், அடக்கமுடையவன், தென்காசிச் சாலையிலுள்ள ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன். உள்ளே வந்து அமருமாறு கூறி, "தம்பி, வேலை கிடைத்ததா?" என வினவினோம். அவன் தலை குனிந்து, மூன்றிடங்களுக்குச் சென்றும் ஒன்றுங் கைகூடவில்லை எனக் கூறி, மூன்றாம் இடத்தில் நிகழ்ந்ததை விவரித்தான்.

அங்கு நேர்காணல் நடத்திய முதியவர், இவன் தந்தையின் தொழிலைக் கேட்டறிந்தபின், "உம் தந்தையார் ஒருமுறைக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்குகிறார்? அவ்வளவுதான் வாங்கவேண்டுமென்று எப்படித் தெரியும்?" என்று வினவினாராம். இவன் தான் கற்ற சிக்கனக் கொள்முதல் அளவின் சூத்திரத்தைத் தவறின்றிச் சொன்னான். அவர் மகிழ்ந்து, ஒரு தாளையும் எழுதுகோலையும் நீட்டி, "நன்று, உங்கள் கடைக்கே அதனைப் போட்டுக் காட்டும்," என்றாராம். இவன் அத்தாளை நெடுநேரம் நோக்கியிருந்து, ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஐயா, சூத்திரம் நினைவில் இருந்தது. ஆனால் அதிலுள்ள எழுத்துக்களுக்கு எங்கள் கடையில் என்ன பொருளென்று எனக்குத் தெரியவில்லை," என்றான் அவன். சிறிது பொறுத்து, "அந்த வினாவுக்கு நீங்கள் எனக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்திருந்தீர்கள்," என்றும் கூறினான். அவன் குரலிற் சினமேனும் குறையேனும் இல்லை. ஐயப்பாடொன்றைத் தெளிந்துகொள்ள வந்தவன்போலவே அதனைச் சொன்னான். அவன் எம்மைக் கடிந்திருப்பானாயின் எமக்கு அத்துணை வருத்தம் நேர்ந்திராது. அவன் சென்றபின் நெடுநேரம் யாம் விளக்கேற்றாது அவ்வறையிலேயே அமர்ந்திருந்தோம். பத்துக்குப் பத்து அளித்த கை எமது கையேயன்றோ?

அடுத்த சனிக்கிழமை காலையில் யாம் அவனுடைய ஊருக்குச் சென்றோம். கடை சிறிதாயினும் ஒழுங்குடையது. மூட்டைகள் தரையினின்று ஒரு சாண் உயரத்திற் பலகைமேல் அடுக்கப்பட்டிருந்தன. மாணவனின் தந்தையாரை ஊரார் அழைக்குமாறே யாமும் அண்ணாச்சி என்றழைத்து, வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் எட்டாம் வகுப்பு வரையிற் படித்தவர். மகனுடைய ஆசிரியர் கணக்குக் கேட்கவந்ததைக் கண்டு முதலில் வியந்தாரெனினும், பின்னர் யாம் கேட்டவற்றிற்கெல்லாம் தடையின்றி விடையளித்தார்.

அரிசி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,200 மூட்டை விற்கும். ஒருமுறை சரக்கு எடுத்துவர வண்டிவாடகையும் ஏற்றிறக்கு கூலியுஞ் சேர்த்து 1,500 ரூபாய் ஆகும். மூட்டை ஒன்றின் விலை அப்பொழுது 1,400 ரூபாய். முதலோ, நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கியது. ஆகவே ஒரு மூட்டை ஓராண்டு முழுதும் கடையிற் கிடப்பின் வட்டி மட்டும் 252 ரூபாய். எலி கடிப்பதும், வண்டு விழுவதும், கிட்டங்கி வாடகையுமாக இன்னும் 108 ரூபாய் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆக, 360 ரூபாய். மாணவன் எம்மை நோக்கினான். யாமும் அவனை நோக்கினோம். சூத்திரத்தின் மூன்றெழுத்துக்களும் அவன் பிறந்து வளர்ந்த கடையிலேயே, அவன் தந்தையின் நாவிலேயே இருந்தன!

அவன் கணக்கிடலானான். ஆண்டுத் தேவையையும் ஒருமுறைக் கொள்முதற் செலவையும் பெருக்கி, அதனை இரட்டித்து, ஒரு மூட்டையின் வைப்புச் செலவால் வகுத்தால் 10,000 வரும். அதன் வர்க்கமூலம் 100. எனவே ஒருமுறைக்கு நூறு மூட்டையாக ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வாங்கவேண்டும். அங்ஙனம் வாங்கின் வண்டிச்செலவு 18,000 ரூபாய். சராசரி ஐம்பது மூட்டை கடையிலிருக்குமாதலால் வைப்புச் செலவும் அதே 18,000 ரூபாய். ஆகமொத்தம் 36,000. இருநூறாக வாங்கினாலும் ஐம்பதாக வாங்கினாலும் மொத்தம் 45,000 ஆகிவிடும். இரு செலவுகளும் ஒன்றற்கொன்று எதிராக ஏறியிறங்கி, ஒக்குமிடத்திற் சிக்கனம் நிற்கின்றது என்னும் உண்மையை, பல்லாண்டுகள் அச்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிய யாமும் அன்றுதான் கண்ணாரக் கண்டோம் எனின் மிகையாகாது.

நிற்க. "அண்ணாச்சி, நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். "நூற்றைம்பது, ஐயா. ஆண்டுக்கு எட்டு நடை," என்றார். மாணவன் உடனே கணக்கிட்டு, அவ்வாறு வாங்கின் மொத்தச் செலவு 39,000 ஆகுமென்றும், ஆண்டுதோறும் மூவாயிரம் ரூபாய் வீணாகிறதென்றும் தந்தையிடஞ் சொன்னான். அவன் முகத்திற் சிறிது பெருமிதந் தோன்றியது. எம் முகத்திலும் தோன்றியிருத்தல் கூடும். அண்ணாச்சி புன்னகை பூத்து, "நூற்றைம்பது எடுத்தால் மண்டியில் மூட்டைக்கு ஐந்து ரூபாய் தள்ளுகிறார்களே, அதை எங்கே போட்டாய்?" என்றார். ஆயிரத்திருநூறு மூட்டைக்கு ஆறாயிரம் ரூபாய்! மூவாயிரம் போக மூவாயிரம் மிச்சம். எட்டாம் வகுப்புப் படித்தவர் முன் முதல் வகுப்பிற் தேறிய இருவரும் வாய்மூடி நின்றோம்.

எம்மை நாணச்செய்தது அவ்வளவே அன்று. தள்ளுபடி கிடைக்குமிடத்து அச்சூத்திரத்தை எங்ஙனம் மாற்றிக் கையாளவேண்டுமென்பது எமது பாடநூலின் அடுத்த பகுதியிலேயே எழுதப்பட்டுள்ளது. அப்பகுதியை யாம் ஆண்டுதோறும், "இது பரீட்சைக்கு வருவதில்லை, விட்டுவிடலாம்," என்று சொல்லிக் கடந்துவந்தோம். நாம் தேவையில்லையென்று தள்ளிய பக்கத்தில் ஒரு குடும்பத்தின் ஊதியம் இருந்தது என்க.

எனினும் நூலறிவு தோற்றது, அநுபவம் வென்றது என்று இவ்வரலாற்றை முடித்துவிடல் பொருந்தாது. உணவுண்டபின் மாணவன் துவரம்பருப்பின் கணக்கையுங் கேட்டு எழுதினான். ஆண்டுக்கு விற்பது 54 மூட்டை. ஒரு நடைச் செலவு 400 ரூபாய். விலை மிகுந்த சரக்காதலின் மூட்டை ஒன்றை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 1,200 ரூபாய். சூத்திரப்படி ஒருமுறைக்கு ஆறு மூட்டை போதும். மொத்தச் செலவு 7,200 ரூபாய். அண்ணாச்சியோ பதினெட்டு மூட்டையாக ஆண்டுக்கு மூன்று முறை வாங்கிவந்தார். செலவு 12,000 ரூபாய். இதற்குத் தள்ளுபடி உண்டா எனக் கேட்டதற்கு, இல்லையென்றார். முன்னொருகாற் பருப்புத் தட்டுப்பாடு நேர்ந்தபோது கூடுதலாக வாங்கத் தொடங்கியது, அப்படியே வழக்கமாகிவிட்டது என்றார். மகன் எழுதிய தாளைக் கண்ணாடி அணிந்து இருமுறை பார்த்தபின், "இது எனக்குத் தோன்றவில்லை, ஐயா," என்றார். பின் அத்தாளை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டார். அரிசிக் கணக்கில் மகனுக்குத் தந்தை ஆசானாயினார். பருப்புக் கணக்கில் தந்தைக்கு மகன் ஆசானாயினான். பழக்கம் கண்மறைத்த இடத்தை நூல் காட்டும். நூல் எடுத்துக்கொள்ளாத பொருளைப் பழக்கம் காட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே உடையவனே கற்றவன் ஆவான்.

ஊர் திரும்பியபின் எமக்குள் ஓர் ஆவல் பிறந்தது. யாம் உருப்போட்ட கோட்பாடுகளெல்லாம் எவ்விடத்துப் பிறந்தன என்று தேடலானோம். மேற்கூறிய சூத்திரத்தை 1913 ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலைப் பத்திரிகையில் முதன்முதல் வெளியிட்ட ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர், உயர்நிலைப் பள்ளிக்கு மேற் கல்லூரியிற் பயின்றவரல்லர். தொழிற்சாலையிற் பணிபுரிந்து, ஒரே தடவையில் எத்தனை உறுப்புக்களைச் செய்வது சிக்கனம் என்னும் அன்றாட இடர்ப்பாட்டிற்கு விடை தேடியவர். ஃபயோல், 1860 ஆம் ஆண்டிற் பத்தொன்பது வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்திற் பொறியாளராய் நுழைந்து, 1888 ஆம் ஆண்டில் நலிவுற்றிருந்த அக்கம்பெனியின் தலைமையை ஏற்று அதனை நிமிர்த்தியவர். அவரது நூல் 1916 ஆம் ஆண்டில், அவருக்கு எழுபத்தைந்து வயதானபோது வெளிவந்தது. யாம் மொட்டைமாடியில் ஓரிரவில் உருப்போட்ட பதினான்கு வரிகள், ஒருவர் அரை நூற்றாண்டு சுரங்கத்தில் உழைத்துக் கண்டவை! அவரும், அவை மாறா விதிகளல்ல, இடமறிந்து வளைத்துக் கையாளத்தக்கன என்றே கூறியுள்ளார். இதனை யாம் எம் மாணவர்க்கு ஒருநாளேனுஞ் சொன்னதில்லை.

தேடுந்தோறும் எம் குறிப்பேட்டின் பிழைகளும் வெளிப்பட்டன. ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் பற்றி 1943 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிற் கூர்ங்கோபுரப் படம் ஒன்றும் இல்லை. அதனைப் பிற்காலத்தார் வரைந்தனர். யாமோ அப்படத்தை வரையாத மாணவர்க்கு மதிப்பெண் குறைத்திருந்தோம். ஃபிரெடரிக் டெய்லர் 1911 ஆம் ஆண்டு நூலில், இரும்புப் பாளம் சுமக்கும் ஒரு தொழிலாளியின் நாட்சுமை பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன்னாக உயர்ந்ததெனக் கூறிய வரலாற்றை மெய்யெனவே கற்பித்துவந்தோம். 1974 ஆம் ஆண்டில் ரெகி, பெரோனி என்னும் இருவர் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அவ்வரலாறு பல இடங்களில் நிகழ்ந்தவற்றோடு பொருந்தவில்லையெனக் காட்டியுள்ளனர். நூலிலுள்ளதெனின் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் மாணவன், நாளை அலுவலகத்திற் பொய்க்கணக்கு வைக்கப்படின் அதனையும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளுதல் கூடும். ஆதலின், "இஃது எவ்வாறு தெரியவந்தது?" என்று கேட்கும் பழக்கம் நிர்வாகவியல் மாணவர்க்கு உயிர்நாடி போன்றதாம்.

கற்றலின் தன்மையைப் பற்றி ஆராய்ந்தாரும் இவற்றிற்கு ஒத்தனவே கூறுகின்றனர். ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் சர்வகலாசாலையைச் சார்ந்த மார்ட்டன், சால்யோ என்னும் இருவர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவர் ஒரு பகுதியைப் படிக்கும் முறை இருவகைப்படும் எனக் கண்டனர். பின்னர்க் கேட்கப்படும் வினாவை அஞ்சிச் சொற்களையே பற்றிக்கொள்வார் ஒரு சாரார். ஆசிரியர் எதனைச் சொல்லவருகிறார் என்று பொருளை நாடுவார் மற்றொரு சாரார். முன்னையதை மேலோட்டக் கற்றல் என்றும், பின்னையதை ஆழக் கற்றல் என்றும் வழங்கலாம். 2006 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் நிகழ்த்திய சோதனையும் நோக்கத்தக்கது. ஒரு பகுதியைப் படித்தவர்களுள், அதனையே மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடங் கழிந்தபின் நூற்றுக்கு 81 பங்கு நினைவுகூர்ந்தனர். நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப்பார்த்தோர் 75 பங்கே நினைவுகூர்ந்தனர். ஒரு வாரங் கழிந்தபின்னரோ, மீண்டும் படித்தோர் 42 பங்கும், எழுதிப்பார்த்தோர் 56 பங்கும் நினைவில் வைத்திருந்தனர். பரீட்சைக்கு முந்திய இரவிற் படிப்பது மறுநாட் காலைக்கு மட்டுமே உதவுவதன் காரணம் இதனால் ஒருவாறு விளங்கும்.

இக்காலத்து இன்னொரு செய்தியும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, வினவியதற்கெல்லாம் நொடிப்பொழுதில் விடையெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லார் கையிலும் வந்துவிட்டன. வரைவிலக்கணம், கோட்பாட்டு வரிசை, சூத்திரம் ஆகிய இவற்றை மட்டும் தரக்கூடியவரை ஊதியங் கொடுத்து அமர்த்த யார் முன்வருவர்? அக்கருவிகளும் சிலவேளை பிழையுரைப்பனவே. அவ்வுரையைக் கண்டு, "இக்கடைக்கு இது பொருந்தாது, தள்ளுபடியைக் கணக்கிற் சேர்க்கவில்லையே," என்று சொல்லவல்லாரையே தொழில் நடத்துவோர் தேடுவர். அங்ஙனஞ் சொல்லும் வன்மை ஆழக் கற்றார்க்கன்றி வாய்ப்பதன்று.

இவ்விடத்து மாணவர் சிலர் கூறும் மறுப்புக்களையும் நேர்மையுடன் எடுத்துக்கொள்ளல் வேண்டும். "பரீட்சை மனப்பாடத்தைத்தானே கேட்கிறது?" என்பர். உண்மையே, அக்குற்றத்தில் வினாத்தாள் எடுக்கும் எம்போன்றார்க்குப் பெரும்பங்கு உண்டு. "மாலையிற் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வேலைசெய்து கட்டணங் கட்டுகிறோம், ஆழக் கற்க எமக்கு நேரம் ஏது?" என்பர். அன்னோர்க்கு யாம் சொல்வது, அவ்வேலையிடமே உங்கள் ஆராய்ச்சிசாலை என்பதாம். "எவ்வளவு கற்றாலும் வேலைகள் போதுமானவை இல்லையே!" என்பாரும் உளர். அதுவும் உண்மையே. வேலையின்மை அனைத்தும் மாணவரின் குறையால் விளைவதன்று. நாட்டின் பொருளாதார நிலையை ஒரு மாணவனின் தலையில் ஏற்றுதல் அறமுமன்று. ஆயினும், வாயில் சிறிதாயிருக்கும்போது, அது திறக்கும் நாளில் வெறுங்கையோடு நிற்றலாகாது என்பதே எம் கருத்து. ஆங்கிலம் சரளமாக வாராமையை எண்ணி அஞ்சுவார்க்கும் ஒன்று சொல்வோம். பொருள் உள்ளத்தில் தெளிவாக இருப்பின், சொற்கள் தடுக்கி வரினும் கேட்போர் பொறுமையோடு கேட்பர். பொருள் இல்லாதவிடத்து எந்த மொழியும் துணைவாராது.

இனி, எம் அநுபவத்திற் பயன்கண்ட சில வழிகளைக் கூறுவோம். முதலாவது, வகுப்பிற் கேட்ட ஒவ்வொரு பாடத்தையும் அன்றிரவே நூலை மூடிவைத்து ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். விட்டுப்போனவற்றை மட்டும் மீண்டும் படிக்கவேண்டும். இரண்டாவது, கற்ற கோட்பாடொன்றைத் தாம் நேரில் அறிந்த ஓரிடத்திற்குப் பொருத்திக் காணவேண்டும். விடுதிச் சமையலறை, பேருந்துப் பணிமனை, தாயார் சேர்ந்துள்ள மகளிர் சுய உதவிக் குழு ஆகிய யாவும் நிர்வாகம் நடைபெறும் இடங்களேயாம். மூன்றாவது, எண்களை அஞ்சாதிருக்கவேண்டும். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் இலாபம் வாங்கிய விலையில் நூற்றுக்கு இருபத்தைந்து, விற்ற விலையில் நூற்றுக்கு இருபது என்னும் வேறுபாட்டை, பட்டம் பெற்ற பின்னும் மயங்குவார் உளர். கணக்கில் இலாபமிருந்தும், கடனாக விற்றமையாற் கூலிகொடுக்கக் கையில் ரொக்கமின்றி மூடப்படுங் கடைகளின் காரணத்தையும் அவர் அறியார். நான்காவது, கற்றதைக் கல்லாத ஒருவர்க்கு விளங்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். பாட்டியார்க்கும் தம்பிக்கும் விளங்காவிடின், குறை பெரும்பாலும் நம்மிடத்தேயாம். ஐந்தாவது, அறியாததை "அறியேன்" என்று சொல்லப் பழகவேண்டும். அம்மாணவன் அத்தாளைத் திருப்பிக் கொடுக்குமுன், "சூத்திரம் தெரியும், எங்கள் கடையின் செலவுகளை யான் இதுவரை கேட்டறிந்ததில்லை, கேட்டு நாளை கணக்கிட்டு வருகிறேன்," என்று சொல்லியிருப்பின், அம்முதியவர் அதனை மதித்திருப்பார் என்றே கருதுகின்றோம்.

எம் பங்கிற்கு யாமும் சில மாற்றங்கள் செய்தோம். கல்லூரியளவில் யாமே வைக்கும் தேர்வுகளில் வரைவிலக்கணம் கேட்பதை விடுத்து, மாணவர் தாமே சென்று கண்ட ஒரு தொழிலிடத்தைப் பற்றி வினவலானோம். முதலாண்டில் மதிப்பெண்கள் வீழ்ந்தன. மாணவர் முணுமுணுத்தனர், பெற்றோர் சிலர் நேரில் வந்து வருந்தினர். நன்கு மனப்பாடஞ் செய்யும் ஒரு மாணவி, "இத்தனை நாள் ஒருவிதமாகப் படிக்கச் சொல்லிவிட்டு இப்பொழுது மாற்றினால் நாங்கள் என்ன செய்வோம், ஐயா?" என்று கண்கலங்கினாள். அவள் கேட்டது நியாயமே. யாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, முன்னைய முறைக்கும் பாதி இடமளித்து, மெல்ல மெல்ல மாற்றினோம். இப்பொழுதும் எல்லாரும் ஆழக் கற்கின்றனர் என்று சொல்லத் துணியோம். ஆயினும் வகுப்பில் வினாக்கள் மிகுந்துள்ளன. எமக்கு விடை தெரியாத வினாக்களும் வருகின்றன. அவற்றை யாம் ஒரு தனி ஏட்டிற் குறித்துவைத்து, அடுத்த வாரத்துள் விடைகாண முயல்கின்றோம்.

அம்மாணவன் என்னவானான் என்று கேட்பீர்கள். அவன் அதன்பின் ஆறு திங்கள் தந்தையின் கடையிலேயே இருந்து, ஒவ்வொரு சரக்கிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்கெழுதினான். அவ்வேட்டை எடுத்துக்கொண்டு நான்காம் நேர்காணலுக்குச் சென்றான். இப்பொழுது ஒரு பண்டகசாலையிற் சரக்கிருப்புக் கவனிக்கும் வேலையில் இருக்கின்றான். சம்பளம் பெரிதன்று, இரவுமுறையும் உண்டு. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம்மைக் காணவந்தபோது, அவன் வேலையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினான். எம்மை மூன்று வினாக்கள் கேட்டான். அவற்றுள் ஒன்றற்கு இன்னமும் எம்மால் விடைகூற இயலவில்லை.

பழைய மாணவ நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைகளையும் அலுவலகங்களையும் பண்டகசாலைகளையும் ஆண்டுக்கு ஒரு நாளேனும் நம் மாணவர்க்குத் திறந்துவிடுங்கள். பரிசும் பணமும் அளிப்பதினும், "எங்கள் தொழிலில் இன்ன இடர் இருக்கிறது, இதனைப் பாருங்கள்," என்று காட்டுவது பேருதவியாகும். மாணவ மாணவியரே! அடுத்த பட்டமளிப்பு விழாவில் உங்கள் தந்தையார் சலவை வேட்டியுடன் உங்கள் அருகில் நிற்கும்போது, அவர் தம் தொழிலிற் காணும் ஓர் இடரையேனும் நீங்கள் கேட்டறிந்திருப்பீர்களாக. அதற்கு நீங்கள் கற்ற கல்வி ஒரு தாளளவேனும் பயன்பட்டிருப்பதாக. அன்று யாம் அம்மரநிழலில் அச்சமின்றி உங்களோடு நிற்போம்.